மின்கம்பி வழியே இணையம்: எங்கள் வீட்டில் ஒரு சோதனை

மூன்றாம் ஆண்டு, இளநிலை இயற்பியல்

முன்னுரை

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் ஏறத்தாழ இரண்டு மாதம் நாங்களும் அப்படித்தான் அலைந்தோம். வீட்டின் ஒரு மூலைக்கு வந்துவிட்ட இணையத்தை மற்றொரு மூலைக்குக் கொண்டு செல்ல வழி தெரியாமல் திண்டாடினோம். ஆனால் அதற்கான கம்பி எங்கள் சுவருக்குள்ளேயே பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்தது. அது மின்விளக்குக்காகப் போட்ட கம்பி. அதன் வழியே செய்தியையும் அனுப்பலாம் என்பதை வகுப்பில் படித்த இயற்பியலைக் கொண்டும், பட்டறிந்த தவறுகளைக் கொண்டும் கற்றுக்கொண்டேன். அதனை நண்பர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊத்தங்கரையில் எங்கள் வீடு இரண்டு கட்டுகளாக அமைந்தது. முன்கட்டு தாத்தா காலத்து ஓட்டு வீடு. அதன் சுவர்கள் கருங்கல்லும் மண்ணும் சேர்த்து எழுப்பியவை; கனம் ஒரு முழத்துக்கும் மேல் இருக்கும். நடுவே திறந்த முற்றம். அதற்கப்பால் அப்பா பிற்காலத்தில் கட்டிய தளம் போட்ட வீடு. அதன் மேல் ஒரு மாடி அறை. கண்ணாடி இழை இணைப்பு தெருப்பக்கம் உள்ள முன்கட்டில் வந்து நின்றது. ரூட்டரையும் அங்கேயே மாட்டிவிட்டுப் போனார்கள்.

அப்போது என் அக்கா ஏழு மாதக் குழந்தையுடன் தாய்வீட்டில் இருந்தார். அவருக்குப் பெங்களூரு நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. வீட்டிலிருந்தே செய்ய அனுமதி பெற்றிருந்தார். நம் பகுதியிலிருந்து ஒசூர் வழியாகப் பெங்களூருக்குப் போய்வருவது கைக்குழந்தைக்காரருக்கு அன்றாடம் ஆகக்கூடிய காரியமன்று. எனவே அந்த அனுமதிதான் அவருடைய வேலையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. குழந்தையின் அழுகை கேட்காத இடம் மாடி அறை ஒன்றே. அங்கு வை-ஃபை எட்டவில்லை. மாலை ஆறரை மணிக்கு நடைபெறும் அலுவலகக் கூட்டத்தில் அக்காவின் முகம் திரையில் உறைந்து நின்றுவிடும். இரண்டு வாரத்தில் மூன்று முறை இப்படி நேர்ந்தது. இனியும் இப்படியானால் நேரில் வந்து பணிபுரிய வேண்டியிருக்கும் என்று அவருக்குச் செய்தி வந்தது. அன்றிரவு அக்கா சாப்பிடவில்லை.

"நீ இயற்பியல்தானே படிக்கிறே? ஏதாவது பண்ணுடா தம்பி" என்றார்.

வை-ஃபை ஏன் எட்டவில்லை?

வை-ஃபை என்பது வானொலி அலையே ஆகும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 12.5 சென்டிமீட்டர், 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 6 சென்டிமீட்டர். இத்தகைய சிற்றலைகள் காற்றில் எளிதாகச் செல்லும். கனத்த கல்சுவரிலும், ஈரம் ஊறிய மண்ணிலும், தளத்தினுள் இருக்கும் இரும்புக் கம்பிகளிலும் அவற்றின் வலிமை பெரிதும் குறைந்துவிடும். எங்கள் வீட்டில் இம்மூன்றும் வரிசையாக நின்றன.

முதலில் முற்றத்தில் ஓர் அலைபெருக்கியை வைத்துப் பார்த்தோம். அது ஒரே அலைவரிசையில் கேட்பதையும் திரும்பச் சொல்வதையும் மாறி மாறிச் செய்ததால் வேகம் பாதியாகியது. பிறகு முற்றத்தின் மேலாக ஒரு லேன் கம்பியை இழுத்தோம். பத்தாம் நாள் அணில் கடித்துவிட்டது. குழாய்க்குள் விட்டுத் தரையடியில் புதைக்க அப்பா ஒப்பவில்லை. முற்றத்துக் கருங்கல் பாவைப் பெயர்க்க வேண்டும் என்பது அவர் கவலை. அந்நிலையில்தான் மின்கம்பி வழியே செய்தி அனுப்பும் அடாப்டர் ஒரு ஜோடி வாங்கினேன். ஒன்றை ரூட்டரின் பக்கத்துப் பிளக்கிலும் மற்றொன்றை மாடி அறைப் பிளக்கிலும் செருக வேண்டும். முதலாவதை ரூட்டருடனும் இரண்டாவதைக் கணினியுடனும் சிறு கம்பியால் இணைத்தால் போதும். நடுவில் உள்ள தூரத்தை வீட்டின் மின்கம்பி கடத்திவிடும்.

ஒரே கம்பியில் இரு பயணம்

230 வோல்ட் மின்சாரம் ஓடும் கம்பியில் செய்தி எப்படிக் கெடாமல் போகும்? இக்கேள்வி இயல்பாக எழக்கூடியதே. நம் ஊர்த் தெருக்கூத்தை எண்ணிப் பாருங்கள். மத்தளத்தின் கனத்த ஒலியும் முகவீணையின் கூரிய ஒலியும் ஒரே காற்றில்தான் வருகின்றன. ஆயினும் நம் காது இரண்டையும் பிரித்தறிகிறது. காரணம், அவற்றின் அதிர்வெண்கள் வெவ்வேறு.

மின்கம்பியிலும் இதுவே நிகழ்கிறது. நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 முறை அதிர்கிறது. வீட்டு அடாப்டர்கள் பயன்படுத்தும் செய்தி அலைகளோ ஏறத்தாழ 2 முதல் 28 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ளவை; அதாவது வினாடிக்கு 20 லட்சம் முறை முதல் 2 கோடியே 80 லட்சம் முறை வரை அதிர்பவை. புதிய வகைகள் இதற்கு மேலும் செல்கின்றன. மின்சாரத்தின் அதிர்வெண்ணைவிடக் குறைந்தது 40,000 மடங்கு உயர்ந்திருப்பதால் இரண்டையும் பிரிப்பது எளிதாகிறது.

பிரிக்கும் பொறுப்பு அடாப்டரின் உள்ளே இருக்கும் மின்தேக்கியினுடையது. மின்தேக்கியின் எதிர்ப்பு அதிர்வெண் கூடக் கூடக் குறையும் என்பதை நாம் படித்திருக்கிறோம். கணக்கிட்டுப் பார்ப்போம். 10 நானோஃபாரட் மின்தேக்கியை எடுத்துக்கொண்டால், 50 ஹெர்ட்ஸில் அதன் எதிர்ப்பு ஏறத்தாழ 3,18,000 ஓம். அதே மின்தேக்கி 10 மெகாஹெர்ட்ஸில் தரும் எதிர்ப்பு 1.6 ஓம் மட்டுமே. ஆகவே 230 வோல்ட் மின்சாரத்துக்கு அது மூடிய கதவு. ஒரு மில்லியாம்பியர்கூட உள்ளே நுழைய முடியாது. செய்தி அலைக்கோ அது திறந்த வாசல். தேர்வுக்காக மனப்பாடம் செய்த ஒரு வாய்பாடு வீட்டுச் சுவரில் வேலை செய்வதைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

மற்றொரு சிக்கலும் உண்டு. மின்கம்பி செய்திக்காகப் போடப்பட்டதன்று. அதில் பல கிளைகள். ஒவ்வொரு கிளையின் முனையிலும் அலை மோதித் திரும்பும். ஓர் அதிர்வெண் நன்றாகச் செல்லும், அடுத்தது மங்கிவிடும். இதற்குப் பொறியியலார் கண்ட வழி நம் ஏரிப் பாசனத்தை ஒத்தது. ஒரே பெரிய கால்வாயில் நீரை விடாமல், பல நூறு சிறு வாய்க்கால்களாகப் பிரித்து விடுகிறார்கள். ஹோம்பிளக் ஏவி என்னும் முறையில் இத்தகைய வாய்க்கால்கள் 900க்கும் மேற்பட்டவை. அடைபட்ட வாய்க்காலில் குறைவாகவும், தெளிந்த வாய்க்காலில் மிகுதியாகவும் செய்தியை விடலாம். எது அடைபட்டது, எது தெளிந்தது என்று இரண்டு அடாப்டர்களும் இடைவிடாது ஒன்றையொன்று கேட்டுக்கொள்கின்றன.

இவ்வெண்ணம் புதிதன்று

ஒரு கம்பியில் உயர் அதிர்வெண் அலைகளை ஏற்றிப் பல செய்திகளை அனுப்பலாம் என்பதற்கு அமெரிக்க இராணுவ அதிகாரி ஜார்ஜ் ஸ்குவியர் 1911இல் காப்புரிமை பெற்றார். 1922இல் மின்கம்பி வழியே வீடுகளுக்கு இசையை அனுப்பும் நிறுவனம் ஒன்றும் அவருடைய முயற்சியால் தோன்றியது. வானொலி பெருகியதால் வீடுகளில் அது வேரூன்றவில்லை. ஆனால் மின்வாரியங்கள் அந்த எண்ணத்தைப் பற்றிக்கொண்டன.

தமிழகத்தில் 1932இல் பைக்காராவும் 1937இல் மேட்டூரும் மின்னுற்பத்தியைத் தொடங்கின. மின்சாரம் உற்பத்தியாகும் இடம் ஓரிடம், பயன்படும் இடம் வேறிடம் என்றானால், இடையில் உள்ள நிலையங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது இன்றியமையாததாகிறது. அதற்குத் தனித் தொலைபேசிக் கம்பி இழுப்பதைக் காட்டிலும், கோபுரங்களில் ஏற்கெனவே செல்லும் உயரழுத்தக் கம்பியையே பேசப் பயன்படுத்துவது சிக்கனமானது. இந்திய மின்வாரியங்கள் பல ஆண்டுகளாகக் கையாண்ட இம்முறையில் 30 முதல் 500 கிலோஹெர்ட்ஸ் வரையிலான அலைகள் பயன்படுகின்றன. நிலையங்களுக்கிடையே பேசுவதற்கு மட்டுமின்றி, கம்பியில் பழுது நேர்ந்தால் மறுமுனைச் சுவிட்சை உடனே துண்டிக்கச் சொல்லும் கட்டளையும் இவ்வழியே செல்லும். இப்போது கோபுர உச்சியில் செல்லும் கண்ணாடி இழை இப்பணியைப் படிப்படியாக ஏற்றுக்கொண்டு வருகிறது.

பேருந்தில் போகும்போது பெரிய துணைமின் நிலையம் எதையாவது கண்டால் சற்று உற்றுப் பாருங்கள். கம்பி உள்ளே நுழையும் இடத்தில் பீப்பாய் போன்ற பெரிய கம்பிச் சுருள் தொங்குவதோ நிற்பதோ தெரியக்கூடும். அதற்கு அலைப்பொறி என்று பெயர். மின்சாரத்தை உள்ளே விட்டு, செய்தி அலையை மட்டும் தடுத்து நிறுத்துவது அதன் வேலை. தடுக்கப்பட்ட அலையைப் பக்கத்தில் நிற்கும் மின்தேக்கி இறக்கிக்கொள்ளும். எங்கள் மாடி அறையில் உள்ளங்கை அளவில் இருக்கும் அடாப்டர், துணைமின் நிலையத்தில் ஆள் உயரத்துக்கு நிற்கும் அந்தக் கருவிகளின் தம்பி எனலாம்.

வீட்டுக்குள் இம்முறையைக் கொண்டுவர 2000இல் ஹோம்பிளக் கூட்டமைப்பு உருவாயிற்று. அது 2001இல் வெளியிட்ட முதல் தரத்தின் வேகம் வினாடிக்கு 14 மெகாபிட். 2005இல் வந்த ஏவி தரம் 200 மெகாபிட். 2010இல் ஐ.இ.இ.இ. 1901 என்னும் பொதுத்தரமும் வகுக்கப்பட்டது. இத்தாலியில் 2001 முதல் சில ஆண்டுகளில் ஏறத்தாழ 3 கோடி வீட்டு மீட்டர்கள் மின்கம்பி வழியே கணக்கைச் சொல்லும்படி மாற்றப்பட்டன. ஆனால் தெருக் கம்பி வழியே ஊருக்கே இணையம் கொடுக்கும் முயற்சி அவ்வளவு வெற்றி பெறவில்லை. அமெரிக்காவின் மனாசஸ் நகரில் 2005இல் தொடங்கிய சேவை 2010இல் நிறுத்தப்பட்டது. தெருக் கம்பி ஒரு நீண்ட வானொலிக் கம்பமாக மாறி, சிற்றலை வானொலியைக் கெடுக்கிறது என்ற முறையீடும் அங்கு எழுந்தது. எனவே இம்முறைக்குரிய சிறந்த இடம் வீட்டின் நான்கு சுவர்களுக்குள்தான் என்று கொள்ளலாம்.

எங்கள் வீட்டுச் சோதனை

அடாப்டர் வந்த அன்றே ஆவலுடன் பொருத்தினேன். மாடியில் வேகம் வினாடிக்கு 2 மெகாபிட்டைத் தாண்டவில்லை. வை-ஃபையே மேல் என்று அக்கா சிரித்தார். நான் செய்த பிழை பிறகுதான் விளங்கியது. முன்கட்டில் ரூட்டர், தொலைக்காட்சி எல்லாவற்றையும் ஒரே ஜங்ஷன் பாக்ஸில் செருகியிருந்தோம். அது மின்னழுத்தம் திடீரென எகிறினால் காக்கும் வகையைச் சேர்ந்தது. அதனுள் இருக்கும் மின்தேக்கிகள் உயர் அதிர்வெண் இரைச்சலை விழுங்குவதற்காகவே வைக்கப்பட்டவை. நம் செய்தியும் அதற்கு இரைச்சல்தானே! அடாப்டரை அதிலிருந்து பிடுங்கிச் சுவரில் உள்ள பிளக்கில் நேரே செருகியதும் வேகம் 24 ஆயிற்று.

இரண்டாவது, அடாப்டரின் முள் ஐரோப்பிய வகை. நம் மூன்று துளைப் பிளக்கில் ஆடிக்கொண்டிருந்தது. சரியான மாற்றுப் பிளக்கை வாங்கி இறுக்கமாகப் பொருத்தியபின் வேகம் 31க்கு உயர்ந்தது. பெட்டியின் மேல் 600 என்று அச்சிட்டிருந்தது. அது இரு அடாப்டர்களுக்கிடையே கோட்பாட்டளவில் இயலும் வேகமேயன்றி, நம் கைக்கு வருவதன்று. அதிலுள்ள லேன் துளையே 100க்கு மேல் தராது. எங்கள் இணைய இணைப்பே 40 மெகாபிட் ஆகையால் 31 எங்களுக்குத் தாராளம்.

அன்று மாலை அக்கா மகிழ்ச்சியுடன் கூட்டத்துக்கு அமர்ந்தார். ஆறரை மணி ஆகச் சில நிமிடம் இருக்கும்போது அடாப்டரின் பச்சை விளக்கு சிவப்பாயிற்று. வேகம் 3. முகம் மீண்டும் உறைந்தது.

ஆறரை மணி மர்மம்

மறுநாள் பகல் முழுவதும் பச்சை விளக்கு. மாலையில் சிவப்பு. இரவு பத்து மணிக்கு மேல் மீண்டும் பச்சை. பேய் பிடித்தது போல நேரம் தவறாமல் இது நடந்தது. ஆய்வகத்தில் நம் பேராசிரியர்கள் வற்புறுத்துவது போல ஒரு குறிப்பேட்டில் நேரம், விளக்கின் நிறம், வேகம், அப்போது வீட்டில் ஓடிய சாதனங்கள் ஆகியவற்றை எழுதிவந்தேன்.

மாலையில் என்னென்ன ஓடுகின்றன? தொலைக்காட்சி, எல்.இ.டி. விளக்குகள், கைபேசிச் சார்ஜர்கள், கிரைண்டர். ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தேன். இரைச்சலைக் கண்டறியத் தாத்தாவின் பழைய டிரான்சிஸ்டர் வானொலி மிகவும் உதவியது. மின்கலத்தில் ஓடும் வானொலியைச் சிற்றலைக்கு மாற்றி, நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தி, பிளக்குகளின் அருகே கொண்டு சென்றால் போதும். எந்தச் சாதனம் இரைச்சலைக் கம்பியில் கொட்டுகிறதோ அதனருகே 'கொர்'ரென்று ஒலிக்கும். அடாப்டர் பயன்படுத்தும் அலைகளும் சிற்றலை வானொலி கேட்கும் அலைகளும் ஏறத்தாழ ஒன்றே என்பதால் இது இயலுகிறது. மலிவான கைபேசிச் சார்ஜர் ஒன்றும் மாடிப்படி எல்.இ.டி. விளக்கு ஒன்றும் இவ்வாறு பிடிபட்டன. இரண்டையும் மாற்றினோம். பகல் வேகம் 31லிருந்து 35 ஆயிற்று. மாலைச் சிவப்பு மட்டும் மாறவில்லை.

மூன்றாம் வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்பா திருவண்ணாமலைக்கு ஒரு திருமணத்துக்குப் போயிருந்தார். அன்று மாலையும் முன்கட்டில் மின்னழுத்தம் இறங்கியது. மின்விசிறி மெதுவாகச் சுழன்றது. குழல்விளக்கு கண் சிமிட்டியது. அம்மா விசிறியும் கையுமாகத் திண்ணையில் அமர்ந்துவிட்டார். மாடிக்குப் போய் அடாப்டரைப் பார்த்தேன். பச்சை! இரவு எட்டு மணி ஆயிற்று, ஒன்பது ஆயிற்று, பச்சையே எரிந்தது.

அன்று மட்டும் என்ன மாறியது? குறிப்பேட்டைப் புரட்டினேன். மாறியது ஒன்றே ஒன்று: அப்பா வீட்டில் இல்லை.

மும்முனையும் திருகு சுவிட்சும்

எங்கள் வீட்டுக்கு மும்முனை மின்இணைப்பு. அதாவது மூன்று பேஸ் கம்பிகளும் ஒரு நியூட்ரலும் வருகின்றன. முன்கட்டின் விளக்கும் விசிறியும் பிளக்கும் ஒரு திருகு சுவிட்சின் வழியே செல்கின்றன. அதைத் திருப்பி மூன்று பேஸில் எதில் அழுத்தம் நன்றாக இருக்கிறதோ அதற்கு மாற்றிக்கொள்ளலாம். நம் பகுதியில் பல வீடுகளில் இந்தப் பேஸ் மாற்றும் சுவிட்சைக் காணலாம். மாலையில் ஊரெல்லாம் விளக்கேற்றும்போது எங்கள் தெருவில் ஒரு பேஸில் அழுத்தம் இறங்கும். உடனே அப்பா மெயின் போர்டுக்குச் சென்று சுவிட்சை அடுத்த பேஸுக்குத் திருப்புவார். படுக்கப் போகுமுன் பழைய இடத்துக்கே திருப்பிவிடுவார். பல ஆண்டுப் பழக்கம். விளக்கேற்றுவது போல அதுவும் ஓர் அந்திக் கடமையாகிவிட்டது. அம்மாவோ மெயின் போர்டைத் தொடவே மாட்டார்.

பின்கட்டைக் கட்டியபோது மாடி அறைக்கு அந்தச் சுவிட்சுக்கு முன்பிருந்தே ஒரு பேஸை நேரே கொடுத்துவிட்டார்கள். பகலில் இரண்டு கட்டும் ஒரே பேஸில் இருந்தன. செய்தி தடையின்றிச் சென்றது. மாலையில் அப்பா சுவிட்சைத் திருப்பியதும் ரூட்டர் ஒரு பேஸில், மாடி அறை மற்றொரு பேஸில் ஆயிற்று. இரண்டு பேஸ் கம்பிகளும் வீட்டுக்குள் எங்கும் சேர்வதில்லை. அவை அருகருகே ஓடுவதால் இடையில் உண்டாகும் சிறு மின்தேக்கத் தன்மையின் வழியாகவே செய்தி தாவ வேண்டும். சில வீடுகளில் இத்தாவல் போதுமானதாக அமைந்துவிடும். எங்கள் வீட்டில் அது 3 மெகாபிட் அளவிலேயே நின்றது.

திங்கட்கிழமை காலை இதைச் சோதித்துப் பார்த்தோம். நான் மாடியில் நின்றேன். அப்பா சுவிட்சைத் திருப்பினார். சிவப்பு. திரும்பவும் பழைய இடத்துக்கு. சில வினாடிகளில் பச்சை. மூன்று முறை செய்தோம். மூன்று முறையும் அப்படியே.

அப்பாவின் முகம் வாடிவிட்டது. "விசிறி சுத்தலைன்னா திருப்பத்தானேப்பா வேணும்? எனக்கென்ன தெரியும், அதுல அவ வேலை போகும்னு" என்றார்.

அவர் மேல் தவறு எதுவும் இல்லை. மூன்று வாரமாகச் சாதனங்களைச் சந்தேகித்த நான், வீட்டின் மெயின் போர்டை ஒருநாளும் திறந்து கேட்டறிந்ததில்லை. தவறு என்னுடையதே.

உரிமம் பெற்ற எங்கள் தெரு வயர்மேன் அண்ணனை அழைத்தோம். அவர் விவரத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "தம்பி, வீட்டுக்குள்ள ஓடுறது ஒரே கம்பின்னு நெனச்சுக்கிட்டீங்க. அது மூணு" என்றார். மெயினை அணைத்து, பியூஸ் கேரியர்களைப் பிடுங்கித் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, டெஸ்டரால் சரிபார்த்த பிறகே கை வைத்தார். திருகு சுவிட்சின் ஆம்பியர் அளவையும் மாடி அறையின் சுமையையும் கணக்கிட்டு, தாங்கும் என்று உறுதி செய்துகொண்டு, மாடிக் கம்பியைச் சுவிட்சுக்குப் பின்னால் மாற்றிக் கொடுத்தார். இப்போது எந்தப் பேஸுக்குத் திருப்பினாலும் இரண்டு கட்டுகளும் சேர்ந்தே மாறுகின்றன. மாடி விசிறியும் மாலையில் நன்றாகச் சுழல்கிறது.

ஒரு குறை மிஞ்சியது. சுவிட்சைத் திருப்பும் கணத்தில் இரண்டு அடாப்டர்களும் அணைந்து எரிவதால் அரை நிமிடம் இணைப்பு போய்விடும். இதற்கு அப்பாவே வழி சொன்னார். "அழுத்தம் இறங்கற வரைக்கும் காத்திருக்க மாட்டேன். ஆறு மணிக்கே திருப்பிடறேன்" என்றார். அன்று முதல் ஆறு மணிக்கு அவர் சுவிட்சைத் திருப்பிவிட்டு, "திருப்பியாச்சும்மா" என்று முற்றத்திலிருந்து குரல் கொடுப்பார். அக்காவின் ஆறரை மணிக் கூட்டம் அதன்பின் ஒருநாளும் தடைபடவில்லை. வீட்டிலிருந்து பணிபுரியும் அனுமதியும் நீடித்தது.

கற்றுக்கொண்ட பாடங்கள்

இம்முறையைப் பின்பற்ற விரும்பும் நண்பர்களுக்காக எங்கள் பட்டறிவைத் தொகுத்துத் தருகிறேன்.

1. அடாப்டரை ஜங்ஷன் பாக்ஸிலோ ஸ்டெபிலைசர் வழியாகவோ செருகக் கூடாது. சுவரில் உள்ள பிளக்கில் நேரே, ஆட்டமின்றிச் செருக வேண்டும்.

2. இரண்டு பிளக்குகளும் ஒரே பேஸில் உள்ளனவா என்பதை வாங்குமுன்பே அறிந்துகொள்ள வேண்டும். மும்முனை இணைப்பும் பேஸ் மாற்றும் சுவிட்சும் உள்ள வீடுகளில் இதுவே முதற்கேள்வி. இன்வெர்ட்டர் வழியே செல்லும் பிளக்குகளையும் இவ்வாறே தனியாகக் கவனிக்க வேண்டும்.

3. இரைச்சல் எழுப்பும் சார்ஜரும் விளக்கும் அடாப்டரின் அருகில் இருக்கலாகாது. கண்டறிய ஒரு பழைய சிற்றலை வானொலி போதும்.

4. அடாப்டர்களைப் பொருத்தியவுடன் இணைப்புப் பொத்தானை இரண்டிலும் அழுத்தி, தமக்கென்று ஒரு இரகசியக் குறியை உருவாக்கிக்கொள்ளச் செய்ய வேண்டும். ஏவி வகையில் தொழிற்சாலையில் இட்டு வரும் கடவுச்சொல் எல்லா அடாப்டர்களுக்கும் பொதுவானது. செய்தி அலை நம் மீட்டரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குச் செல்லவும் கூடும். பொத்தானை அழுத்தாமல் விடுவது வாசற்கதவைத் தாழிடாமல் உறங்குவதற்கு ஒப்பாகும்.

5. மின்சாரம் நின்றால் அடாப்டரும் நிற்கும். ரூட்டருக்குத் தனி மின்கலப் பெட்டி வைத்திருந்தாலும் இதற்கு அது உதவாது.

6. மெயின் போர்டில் நாமே கை வைக்கக் கூடாது. நான் இயற்பியல் படிப்பவன் என்றாலும் அன்று திருப்புளியைத் தொடவில்லை. 230 வோல்ட் நம் மதிப்பெண் பட்டியலைப் பார்ப்பதில்லை.

7. சுவரைத் துளைத்தோ குழாயில் இட்டோ லேன் கம்பி இழுக்க வாய்ப்புள்ள வீடுகளில் அதுவே எல்லாவற்றிலும் சிறந்தது. அது வேகமானது, நிலையானது, விலையும் குறைவு. துளைக்க முடியாத சுவரும் பெயர்க்கக் கூடாத முற்றமும் உள்ள எங்களைப் போன்றோருக்கே இந்த அடாப்டர் உற்ற துணை.

முடிவுரை

ஒரு புதிய கருவியை வாங்கி வைத்தவுடன் அது வேலை செய்துவிடும் என்று நாம் எண்ணுகிறோம். வேலை செய்யாவிட்டால் கருவியைக் குறை கூறுகிறோம். எங்கள் வீட்டில் கருவியும் பழுதில்லை, இணையமும் பழுதில்லை. சுவருக்குள் கம்பி எப்படிச் செல்கிறது என்பதை யாரும் யாருக்கும் சொல்லவில்லை; அவ்வளவே. தாத்தா கட்டிய கட்டும், அப்பா போட்ட கம்பியும், அந்தியில் அவர் திருப்பும் சுவிட்சும் தெரிந்த பிறகே அக்காவின் கணினிக்கு வழி பிறந்தது.

நண்பர்களே, இன்று மாலை வீட்டுக்குச் சென்றதும் உங்கள் வீட்டு மெயின் போர்டைச் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். எத்தனை பேஸ் வருகிறது, எந்த பியூஸ் எந்த அறைக்குச் செல்கிறது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் வரைந்து, அப்பலகைக்கு அருகிலேயே ஒட்டி வையுங்கள். எங்கள் வீட்டில் இப்போது அப்படியொரு தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. அதை நான் வரைந்தேன். பிழைகளை அப்பா திருத்திக் கொடுத்தார்.